அண்ணே, என் காது மிஷினைப் பாத்தீங்களா

மதியம் இரண்டு மணி இருபது நிமிடம்.

பேய் வருகிற நேரமா அது என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்கிறவர்கள்தான் கதை முடிந்ததும் பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் தேடுவார்கள், நான் பார்க்காததா. கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த டார்ச்சை அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சரி.

மதியம் இரண்டு இருபது. ஒரு துணி மில்லின் பின்வாசலிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் சாலை. ஒரு கிலோமீட்டர் இருக்கும். இந்தப் பக்கம் மில்லின் மதில். அந்தப் பக்கம் காய்ந்துபோன வாய்க்கால். நடுவில் ஒரு கடை இல்லை, ஒரு மரம் இல்லை. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் வெயில். ஈ காக்கை கிடையாது.

அந்தச் சாலையில் ஒருத்தி நடந்து போகிறாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறாள். ஓரம் முழுக்க யாரோ ஜல்லி கொட்டி வைத்திருந்ததால் தார் மேலேயே நடக்கிறாள். மில் வேன் பத்து நிமிடத்துக்கு முன்பே அவளைத் தாண்டிப் போய்விட்டது. அதில் ஜன்னலோரம் ஒரு சீட் காலி. அது அவளுடைய சீட்.

பின்னால் ஒரு லாரி வந்தது. சரக்கு ஏற்றிய லாரி. ஹாரன் அடித்தான்... அவள் திரும்பவில்லை. கையை எடுக்காமல் அடித்தான்... திரும்பவில்லை. ஒதுங்கிவிடுவாள், ஒதுங்கிவிடுவாள் என்று கடைசி வரை நம்பியிருக்கிறான். பிரேக்கில் காலை வைத்தபோது நேரம் கடந்துவிட்டது.

அந்த ஹாரன் மில் கேன்டீன் வரை கேட்டதாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடி வந்தார்கள். கேட்க வேண்டியவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை... அதுதான் கதை.

என் சிநேகிதி ஒருத்திக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்த அக்கா. அவள் வாயால் சொல்லி நான் நேரில் கேட்டது இது. இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரு வார்த்தை மாறவில்லை. நானும் அவளை அக்கா என்றே சொல்கிறேன்.

அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலாக இருந்தாலும் அரை நொடியில் படித்துவிடுவாள். வீடு ஒரு மாடிப் போர்ஷன், இரண்டு அறை. வீட்டில் மூன்று பேர். அக்கா, அவளுடைய அப்பா, அவளுடைய புருஷன். புருஷனுக்கு வேலை, மில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுவது. அவனை அண்ணன் என்றோ மாமா என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேன்காரன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பாவுக்குக் காது கேட்காது. முப்பது வருஷம் பாய்லர் ரூமில் நின்றவர். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. "அப்பா, தண்ணி வேணுமா" என்று கேட்டால் "தம்பியா, எந்தத் தம்பி" என்பார். வீட்டில் எல்லோரும் கத்திக் கத்தியே பேசி, அந்த வீட்டில் எப்போதும் சண்டை என்று கீழ் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வேன்காரன் கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். காது மிஷின். காதுக்குப் பின்னால் மாட்டுவது. அவரைக்கொட்டை அளவு. அதிலிருந்து மெல்லிய குழாய், நுனியில் ரப்பர் மூக்கு. "கூட ஓட்டுறவரோட அண்ணனோடதாம். அவர் புதுசு வாங்கிட்டார், இது சும்மா கெடந்துச்சு, மாமாவுக்கு ஆகட்டும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றான்.

அக்கா அதை அப்பாவின் காதில் மாட்டினாள். அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "இது இவ்வளவு சத்தம் போடுமா?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே "கேக்குதாப்பா?" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். "உன் குரல் அப்படியே உங்கம்மா குரலா மாறிப்போச்சே... எப்போலேர்ந்து?" என்றார்.

அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள். தன் புருஷனைப் போல் ஒருத்தன் உண்டா என்று நினைத்தாளாம். இதை என்னிடம் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். கடைக்கு ஒரு அம்மா வந்தார். அக்காவுக்குத் தெரிந்த முகம்தான். மில்லில் வேலை, தனியாக ஒரு வாடகை அறையில் இருப்பவர், சொந்தம் என்று யாரும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, ஆறு பட்டன் பேட்டரி வைத்த அட்டை ஒன்று வாங்கிப் போவார். ஒவ்வொரு பேட்டரி மேலும் ஆரஞ்சு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அந்த அட்டை. காது மிஷினுக்குப் போடுவது. அன்றைக்கு அட்டையை எடுக்கக் கை நீட்டிய அக்காவிடம், அந்த மில்காரம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மிஷின் தொலைஞ்சு போச்சும்மா. புதுசா யாராவது இந்த ஆரஞ்சு அட்டை கேட்டு வந்தாங்களா? ஒவ்வொரு மருந்துக் கடையா ஏறி எறங்கிட்டு இருக்கேன். எடுத்தவங்க பேட்டரி போட்டுத்தானே ஆகணும்."

அக்கா ஒரு நொடி யோசித்தாள். புதிதாக அந்த அட்டை எடுத்தது அவள் ஒருத்திதான். அப்பாவுக்காக. ஆனால் அது யாரோ ஒருவர் தாமாகக் கொடுத்தது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்... "இல்லக்கா, யாரும் வரலை" என்றாள். உதட்டைத் தெளிவாக அசைத்துச் சொன்னாள். மில்காரம்மா உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார் என்று தெரிந்தது.

"எங்க வச்சு தொலைச்சீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாம்மா, ஆறு மாசம்கூட ஆகலை" என்றார் அவர்.

அக்கா மறுபடி கேட்கவில்லை. கடையில் கூட்டம். மறுபடி கேட்டிருந்தால்...

"உள்பக்கம் பச்சை நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருப்பேன்" என்றார் மில்காரம்மா. "ஓவர்டைம் பாத்துப் பாத்து வாங்கினது. அது இல்லாம ரோட்டுல நடக்கவே பயமா இருக்கும்மா."

உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி இருக்கும் பொருளை எடுத்து வைத்துக்கொள்ள ஒருத்தனுக்கு எப்படி மனசு வரும்? அக்கா கவுன்ட்டருக்கு மேல் எக்கி அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். உரக்கவே சொன்னாள். "எடுத்தவன் குடும்பம் விளங்காதுக்கா. நாசமாப் போயிடும்."

அது அந்த அம்மாவுக்குப் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். கடை முதலாளி பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "உன் பேட்டரி கஸ்டமர் ஒண்ணு வருமே... மில் ரோட்டுல லாரி அடிச்சுட்டுதாம் நேத்து. ஹாரன் கேக்கலையாம்."

அக்கா அன்று முழுக்கத் தப்புத் தப்பாக மருந்து எடுத்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று பார்த்தால், அவன் தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முதல் நாளும் சாப்பிடவில்லை, அன்றும் சாப்பிடவில்லை. கூட வந்து போன ஆள் செத்ததில் மனசு உடைந்துவிட்டது என்று நினைத்தாள் பாவி.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் அப்பா சொன்னார்.

"மிஷின்ல ஏதோ கோளாறும்மா. இன்னிக்கு மத்தியானம் விசில் அடிச்சுட்டே இருந்துச்சு."

காது மிஷின் போட்டவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிஷினுக்கு மிக அருகில் கையையோ முகத்தையோ கொண்டுபோனால் 'கீ...' என்று ஒரு விசில் கிளம்பும். காதோடு காதாக ரகசியம் சொல்லப் போனால் அடிக்கும். மற்றபடி அடிக்காது.

"கையைக் கிட்ட வச்சிருப்பீங்கப்பா."

"நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். விசில் அடிக்குது... நிக்குது... மறுபடி அடிக்குது. யாரோ வாயைக் காதுகிட்ட கொண்டாந்து, சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி."

வேன்காரன் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த நாள் அப்பா வேறு மாதிரி சொன்னார். "ஒரு பொண்ணு 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிடுதும்மா. எதிர்வீட்டு ரேடியோவா இருக்குமோ?" அதற்கடுத்த நாளும் அதே. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் "ரேடியோவாத்தான் இருக்கும்" என்றாள். வயதானவர், எதையாவது கேட்டிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மில்காரம்மா செத்து ஐந்தாம் நாள் அக்காவுக்கு வார லீவு.

மதியம். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முன் அறையில் அப்பா நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. நல்ல வெளிச்சம். இருட்டு, மழை, நாய் ஊளை எதுவும் இல்லை. பட்டப்பகல்.

'கீ...'

மெல்லிய சத்தம். நின்றது. மறுபடி 'கீ...'

அப்புறம் அப்பாவின் குரல். மரியாதையாக, வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசும் குரல். "மாப்பிள்ளையா? அவர் வேலைக்குப் போயிருக்காரும்மா. ஆறு மணிக்கு வந்துடுவாரு. நீ யாரும்மா?"

அக்கா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். முன் அறையில் யாரும் இல்லை. மாடிக் கதவு தாழ் போட்டிருந்தது.

"யார்கிட்டப்பா பேசறீங்க?"

அப்பா அவளைப் பார்த்து, கட்டை விரலைத் தோளுக்கு மேல் காட்டினார். "பின்னாடி நிக்குதே இந்தப் பொண்ணு. என்னமோ பொருளைக் கேக்குது."

அவருக்குப் பின்னால் சுவர். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையாது.

அப்போதுதான் அந்த வாசம் வந்ததாம். மருந்துக்கடைக்காரிக்கு மூக்கு கூர்மை. மிஷின் எண்ணெயும்... நனைந்த பஞ்சும். மில் ஆட்கள் கடைக்குள் வந்தால் வருமே, அதே வாசம்.

அக்கா ஓடிப்போய் அப்பாவின் காதிலிருந்து மிஷினைப் பிடுங்கினாள். பேட்டரியைக் கழற்றி எறிய வேண்டும் என்ற ஒரே எண்ணம். நகத்தால் அந்தச் சின்ன மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. காலி.

அப்பா அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "அதைக் காலையிலயே கழட்டிட்டேன், தீந்து போச்சு. உன்கிட்ட புதுசு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மிஷினைத் திருப்பினாள். காதோடு ஒட்டும் உள்பக்கத்தில் ஓர் இடம் பிளேடால் சுரண்டியதுபோல் வெளுத்திருந்தது. மிஷினின் இரண்டு பாதியும் சேரும் இணைப்புக் கோட்டின் பள்ளத்தில் பிளேடு நுழையவில்லை. அங்கே ஒரு நூலளவு... பச்சை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கீழே போட்டுவிட்டு ஓடுவீர்கள். நானும் ஓடுவேன். அக்கா ஓடவில்லை. பயத்தைவிட வேறு ஒன்று பெரிதாக வந்துவிட்டது அவளுக்கு. பேட்டரி இல்லாத அந்த மிஷினின் ரப்பர் மூக்கைத் தன் காதில் திணித்தாள்.

முதலில் மழை. தகரக் கூரை மேல் விழும் மழை. வேன் எஞ்சின் உறுமல். பெண்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது. அப்புறம் எல்லாம் அடங்கி, மிக அருகில், மூச்சு படும் அருகில், ஒரு குரல். கடையில் கேட்ட அதே குரல்.

"அண்ணே, என் காது மிஷினைப் பாத்தீங்களா? மழையில நனையக் கூடாதுன்னு கழட்டி கைக்குட்டையில சுத்தி சீட்டு மேல வச்சேன்..."

"நான் எதையும் பாக்கலையே."

அது வேன்காரன். அக்காவின் புருஷன். பத்து வருஷமாகப் பக்கத்தில் கேட்கும் குரல்.

மறுபடி, வேறு ஒரு நாள் போல. மழை இல்லை. "அண்ணே, நல்லாத் தேடிப் பாருங்கண்ணே. அது இல்லாம எனக்கு ஒண்ணுமே கேக்காதுண்ணே." "இல்லைன்னா இல்லை. எத்தனை தடவை சொல்றது?" மறுபடி, வேறு ஒரு நாள். இப்போது அவள் குரல் உயர்ந்திருந்தது. "கூட வந்த புள்ளை பாத்திருக்கா. கைக்குட்டையை நீங்கதான் எடுத்து பாக்கெட்ல போட்டீங்க. எனக்குத்தான் காது கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும்." அதற்கு அவன், "என்னையே திருடன்ங்கிறியா? இறங்கு. இனிமே என் வண்டியில கால் வைக்காதே. நடந்து போ."

கதவு அறையும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமே இல்லை. எஞ்சின் இல்லை, காற்று இல்லை, காலடி இல்லை. ஒரு செவிட்டு அமைதி. அதற்குள் அவள் மூச்சு விடுவது மட்டும். நடக்கிற மூச்சு. அது எவ்வளவு நேரம் போனது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரு மூச்சு பாதியில் நின்றது.

அதோடு முடியவில்லை. மிஷினைக் கழற்றப் போனாள், அப்போது ஒரே ஒரு வார்த்தை வந்தது. அண்ணே இல்லை, கெஞ்சல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, இறுகிய பல்லுக்கு நடுவிலிருந்து.

"கொடு."

ஆறு மணிக்கு வேன்காரன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டான், மேஜை நடுவில் மிஷினும் அதன் பக்கத்தில் அக்காவும்.

"இது யாரோடது?"

"சொன்னேனே, அந்த டிரைவரோட அண்ணன்..."

"அவர் பேரு என்ன? எந்தத் தெரு? இப்பவே போலாம். வாங்க."

அவன் செருப்பை ஓரமாகத் தள்ளினான்.

"பச்சைப் புள்ளியை எப்போ சுரண்டினீங்க? கொண்டாந்த அன்னிக்கேவா, இல்ல அந்தம்மா வந்து கேட்டதுக்கு அப்புறமா?"

வேன்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கத்தாதே. கீழ கெடந்ததை எடுத்தேன். யார் பையிலயாவது கையை விட்டேனா? யார் வீட்டுலயாவது ஏறிக் குதிச்சேனா? இது திருட்டா?"

"மறுநாளே வந்து என்னோடதுன்னு கேட்டா இல்ல? உன்னைப் பாத்துத்தானே கேட்டா? அப்பவும் கெடந்த பொருளா அது?"

அக்கா அவனை அதுவரை 'நீ' என்று சொன்னதே கிடையாது. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

"யாருக்காக எடுத்தேன்?" என்று அவனும் எழுந்தான். "எனக்கா மாட்டிக்கிட்டேன்? உங்கப்பனுக்காகத்தானே எடுத்தேன்! அன்னிக்கு அழுது மூக்கைச் சிந்தினியே, அப்போ இனிச்சுதா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அக்காவைக் கொன்றது. அந்த ஆரஞ்சு அட்டையைத் தன் கையால் எடுத்துக்கொண்டு போனவள் அவள். யாரும் வரவில்லை என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னவளும் அவள்தான்.

அப்பா இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா சொல்றார் மாப்பிள்ளை?" என்றார்.

அக்கா அவர் காதருகே போய்க் கத்தினாள். ஒவ்வொரு வார்த்தையாக. யாருடையது. எப்படி வந்தது. அந்தப் பெண் எங்கே, எப்படிச் செத்தாள். கீழ் வீட்டில் கேட்டிருக்கும், தெருவிலேயே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினாள்.

அப்பாவின் கை தன்னையறியாமல் காதைத் தடவியது. ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"சாகறவரைக்கும் செவிடனா இருந்துட்டுப் போயிருப்பேனேடா. அடுத்தவ காதைப் பிடுங்கிக் கொண்டாந்து எனக்கு மாட்டி விட்டியே. நீ மனுஷனாடா?"

வேன்காரன் மேஜையிலிருந்த மிஷினை எட்டி எடுக்கப் பார்த்தான். வாய்க்காலில் எறிந்துவிட்டால் தீர்ந்தது என்றான். அக்கா அதற்கு முன் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அவன் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டில் கடித்தாள். ரத்தம் வரும்படி கடித்தாள்.

"யாருக்குடி திருப்பிக் கொடுப்பே?" என்று கையை உதறிக்கொண்டே கத்தினான். "அவளுக்கு நாதி கெடையாது. ரூமைக்கூட வேற ஆளுக்கு விட்டாச்சு. செத்துப் போனவளோடதைப் போய்..."

"செத்துட்டா அவளோடது இல்லைன்னு ஆயிடுமா?"

அவன் அன்றிரவு வீட்டில் தங்கவில்லை. அக்கா மிஷினை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விடியும் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டப்பா அவ்வப்போது விசில் அடித்தது. "நாளைக்குக் கொண்டு போறேன். விடிஞ்சதும் கொண்டு போறேன்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பயப்படவில்லையா என்று நான் கேட்டேன். "அவ என் மேல கோபமா இருந்தா. நானும் என் மேல கோபமாத்தான் இருந்தேன். பயத்துக்கு எங்கடி எடம்?" என்றாள்.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். புகார் எழுதும் போலீஸ்காரரின் மேஜை மேல் டப்பாவை வைத்தாள். புருஷன் மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்றாள். குடும்பச் சண்டை என்று நினைத்து அவர் முதலில் பேனாவைக்கூடத் திறக்கவில்லை. முழுக்கச் சொன்ன பிறகு திறந்தார்.

என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். வேன்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கீழே கிடந்ததை எடுத்தேன், அது தப்பா சார் என்று அங்கேயும் அதே பாட்டைப் பாடினான். "கெடந்ததை எடுத்தது தப்பில்லை. யாரோடதுன்னு தெரிஞ்ச பிறகும் நீயே வச்சுக்கிட்டே பாரு, அது குத்தம். அதுக்குத் தனியா சட்டமே இருக்கு" என்றார் போலீஸ்காரர். இவன் மறுப்பதற்காக மேஜை மேல் குனிந்தான். மூடிய டப்பாவுக்குள்ளிருந்து விசில் கிளம்பியது. அந்த ஸ்டேஷனில் இருந்த நாலு பேரும் கேட்டார்கள். பேட்டரி இல்லாத மிஷின். வேன்காரனுக்கு வியர்த்து ஊற்றியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். வேலை போனது. வழக்கு நடந்தது. தண்டனையும் கொடுத்தார்கள், சில மாதம். ஒரு உசிருக்குச் சில மாதம்! வண்டியிலிருந்து இறக்கி விட்டதற்கு, நடந்து போ என்று சொன்னதற்கு, சட்டத்தில் எதுவும் இல்லையாம். மிஷின் இன்னும் கோர்ட்டு அலமாரியில் சீல் வைத்துக் கிடக்கிறது. தண்டனை முடிந்து வந்து கதவைத் தட்டியவனை அக்கா உள்ளே விடவில்லை.

அக்காவும் அப்பாவும் அதே மாடி வீட்டில்தான் இருக்கிறார்கள். வேறு வீடு பார் என்று என் சிநேகிதி தலையால் அடித்துக்கொண்டு பார்த்தாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

ஏன் மாட்டேன் என்றாள் என்பதை அவள் தங்கையிடம் கூடச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். "நாங்க போயிட்டா அவ எங்கடி போவா?" புகார் கொடுக்கப் போன அன்று ஸ்டேஷனில் நடந்ததில் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை... வேண்டுமென்றேதான் விட்டேன்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்த போலீஸ்காரர் பாதியில் பேனாவை நிறுத்தினார். "இருங்க. காது மிஷின்... பச்சைப் புள்ளி... மில் வேன். இது ஏற்கெனவே வந்த புகாராச்சே" என்றார். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துத் தள்ளினார். "இதோ. அந்தம்மாவே நேர்ல வந்து கொடுத்திருக்கு. நான்தான் எழுதினேன்."

அக்கா தேதியைப் பார்த்தாள். மில்காரம்மா செத்து மூன்றாம் நாள்.

விபத்தை விசாரித்தது வேறு ஸ்டேஷன். இவருக்கு எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "பாவம், காது சுத்தமா கேக்கலை. ஒவ்வொரு கேள்வியையும் நாலு தடவை கேக்க வேண்டியதாயிடுச்சு. தலையெல்லாம் பஞ்சு வேற. ஃபேனைப் போட்டா மேஜை பூரா பறக்குது. நாங்களே அந்த டிரைவரைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு இருந்தோம்..."

அக்காவின் கண் நோட்டில் கீழே இறங்கியது. புகார் கொடுப்பவரின் தற்போதைய முகவரி. கதவு எண். தெரு. மேல் மாடி, வலது பக்கக் கதவு.

"இது... இது எங்க வீடு" என்றாள்.

"அப்படியா? உங்க வீட்டுலதான் தங்கியிருக்காங்களா?" என்றார் போலீஸ்காரர். "எத்தனை நாளைக்கு அங்க இருப்பீங்கன்னு கேட்டேன். காதுல விழலை போல... பதிலே சொல்லலை."